மூடுபனியில் ஒரு மொட்டை

அத்தியாயம் 14

மூடுபனி அன்று விடியும்போதே துறைமுகத்திலிருந்து கிளம்பிவிட்டது. ஏழு மணிக்கெல்லாம் சோல்மே குடியிருப்பின் நான்காம் மாடிவரை ஏறியிருந்தது. யோன்சிம் ஏழாம் மாடி ஜன்னலில் நின்று கீழே பார்த்தாள். தெருவைக் காணோம், பள்ளிக்கூடத்தைக் காணோம், அவளுடைய கடையையும் காணோம். எதிர்க் கட்டடத்துப் பால்கனிகளில் கட்டிய சிவப்புப் பதாகைகள் மட்டும் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் நின்றன. 'எங்கள் பிள்ளைகள் காலடியில் எரிவாயுக் குழாயா?' என்று அவற்றில் ஒன்று வெறும் வெள்ளையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

பதின்மூன்று வாரமாக இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

குன்சான் துறைமுகத்திலிருந்து புதிய மின் நிலையத்துக்கு ஒரு குழாய் போகப் போகிறது. ஆள் குனிந்து நுழையலாம் என்கிற அகலம். அது வரப்போகிற தெருவில் ஒரு பக்கம் யோன்சிம்மின் சிகை அலங்காரக் கடை, எதிர்ப் பக்கம் ஆரம்பப் பள்ளி. நடுவில் இருபத்து மூன்று எட்டு. அவளே நடந்து அளந்தாள். எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவி, அவள் கணவனின் அக்கா மால்சூன். மீன் சந்தையில் கருவாடு விற்கிறவள். குழு கூடுகிற இடம் யோன்சிம்மின் கடை.

குழாய் நிறுவனம் குடியிருப்பாளர்களைக் கூட்டி விளக்கம் சொல்லியாக வேண்டும். அதில் குறைந்தது பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும், நிறுவனத்து ஆட்கள் கணக்கில் சேரமாட்டார்கள். அது நடந்தால் மழைக்கு முன்னால் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். நடக்காவிட்டால் விஷயம் மறுபடி நகராட்சிக்குப் போகும், ஒரு வருஷமாவது இழுக்கும். அந்தக் கூட்டம் இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு, வட்டாரக் கூடத்தில்.

இன்னொன்று. நேற்று மாலை துணி துவைக்கப் போன யோன்சிம், கணவனின் பைக்கு அடியில் ஒரு ஆரஞ்சு நிற மேல்சட்டையைக் கண்டுபிடித்தாள். முதுகில் அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது.

அதைத் துவைத்து, உலர்த்தி, மடித்து இப்போது சாப்பாட்டு மேசையில் அவனுடைய சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஹோசிக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"காஞ்சுடுச்சு. போட்டுக்குங்க," என்றாள் யோன்சிம்.

"தாவோன் அம்மா..." பிள்ளை பேரைச் சேர்த்துத்தான் அவளைக் கூப்பிடுவான்.

"எத்தனை நாளா?"

"இருபத்தொம்பது நாள். நீ கடைக்குப் போனப்புறம்தான் கிளம்புவேன். சொல்லணும்னுதான் இருந்தேன்."

"யாருகிட்ட? சுவத்துகிட்டயா?"

கப்பல் பட்டறை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமும் ஹோசிக் வீட்டில் இருந்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றினான், அரிசி களைந்தான், மத்தியானம் டி.வி.யில் மலையேறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை மட்டும் சும்மா இருக்காது. வெல்டிங் பிடிக்கிற கை, மேசை விளிம்பில் ஒரு கோட்டை மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும்.

"நீ என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. அதுதான் எனக்குத் தாங்கல," என்றான். "திட்டியிருந்தா உக்காந்திருப்பேன். பட்டறைல கூட இருந்தவன் வந்து கூப்டான், போயிட்டேன். இரும்பு இரும்புதானே, கப்பலா இருந்தா என்ன, குழாயா இருந்தா என்ன."

"குழாய் எங்க போகுதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"இன்னிக்கு உங்க அக்கா தலை மொட்டை. என் கையால. அதுவும் தெரியும்ல?"

நம் நாட்டில் சொல்லிப் பார்த்து, எழுதிப் பார்த்து, கத்திப் பார்த்து, ஒன்றும் ஏறவில்லை என்றால் கடைசியில் தலைமுடியைத்தான் எடுக்கிறோம். கோயிலுக்கு நேர்ந்துகொண்ட மொட்டை இல்லை, நகராட்சிக்கு நேர்ந்துகொண்டது. கோயில் சாமியாவது எப்போதாவது கண் திறக்கும்.

ஹோசிக் ஜன்னல் பக்கம் பார்த்தான். அங்கேயே பார்த்தபடி சொன்னான். "அதைக் கூடத்துக்குள்ள வச்சுக்குங்க. வாசல்ல வேண்டாம்."

"ஏன்? உங்க மேலாளர் கண்ணு கூசுமா?"

"உள்ள வச்சுக்குங்கன்னு சொல்றேன். அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

"பத்திரிகைக்காரங்க வாசல்லதான் நிப்பாங்க. வெளிச்சமும் அங்கதான். உங்க மானத்துக்காக என் அண்ணிய இருட்டுல உக்கார வைக்கச் சொல்றீங்களா?"

ஹோசிக் மேல்சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். அதை வாசலில் போட்டுக்கொண்டானா, கீழே போய்ப் போட்டுக்கொண்டானா என்று யோன்சிம் பார்க்கவில்லை. கதவின் மின்பூட்டு தானே பூட்டிக்கொள்கிற சின்ன இசை மட்டும் கேட்டது. வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

*

கடைக்கு நடந்து போகும்போது அவளுக்குத் தான் நடப்பதே நிச்சயமாகத் தெரியவில்லை. காலுக்குக் கீழே தரை இருந்தது, ஆனால் கண்ணில் படவில்லை. பள்ளிக்கூடத்து மணி அடித்தது. மஞ்சள் குடைகள் நாலைந்து, ஆளே இல்லாமல், பனிக்குள் போய் மறைந்தன. எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது. அது துறைமுகத்திலிருந்து வந்ததா, அவளுடைய தூக்கத்திலிருந்து வந்ததா என்றே தெரியவில்லை.

பதினொரு மணிக்கு மால்சூன் வந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், நெற்றியில் சிவப்புப் பட்டை. சந்தையிலிருந்து நேராக வந்திருந்தாள். கருவாட்டு வாசனை அவளுக்கு முன்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

"தலைய அலசி விடு," என்றாள். "கேமரா முன்னாடி விழப்போற முடி, மீன் நாத்தத்தோட விழக்கூடாது."

"உக்காருங்க அண்ணி."

"போன வாரம்தான் சாயம் போட்டு விட்ட. மொட்டைன்னு அன்னிக்கே முடிவு பண்ணியிருந்தா சாயமாவது மிஞ்சியிருக்கும். உனக்குத்தான் நல்ல வியாபாரம்."

யோன்சிம் சிரித்தாள். மால்சூனைச் சாய்த்துப் படுக்க வைத்து, வெந்நீரைத் திறந்துவிட்டாள். ஆவி எழுந்து கண்ணாடியை மூடியது. வெளியே பனி, உள்ளே ஆவி. நடுவில் கடை ஒரு கிண்ணத்து வெதுவெதுப்போடு மிதந்தது. மால்சூன் கண்ணை மூடிக்கொண்டாள். அறுபத்தொரு வயதில், எப்போதும் யாரையாவது அதட்டிக்கொண்டிருக்கிற அந்த முகம், தண்ணீர் பட்டதும் சுருக்கமெல்லாம் இளகிச் சின்னப் பெண்ணின் முகமாகிவிட்டது. யோன்சிம்முக்கு அவள்மேல் இவ்வளவு பிரியம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ராத்திரி தூங்கினியா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள் மால்சூன்.

"தூங்கினேன். கெட்ட கனவு."

"சொல்லு."

"பள்ளிக்கூடத்துக்கு அடியில பெரிய பாம்பு ஒண்ணு படுத்திருக்கு அண்ணி. மூச்சு விடுது. அது மூச்சு விடறப்பல்லாம் நம்ம கடைத் தரை மேல வந்து கீழ போகுது. பிள்ளைங்க அதுமேல குதிச்சு விளையாடுதுங்க."

"அப்புறம்?"

அப்புறமும் இருந்தது. பாம்பின் வயிற்றுக்குள் ஹோசிக் நின்று, நீல வெளிச்சத்தில், எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவள் கூப்பிட்டாள். முகமூடிக்குள் அவனுக்குக் கேட்கவில்லை.

"அவ்ளோதான்," என்றாள் யோன்சிம்.

"பொய் சொல்ற. கனவு அப்படிப் பாதில நிக்காது." மால்சூன் ஒரு கண்ணைத் திறந்தாள். "சரி, அந்தக் கனவ எனக்கு வித்துடு."

எங்கள் ஊரில் நல்ல கனவை விற்பதும் வாங்குவதும் வழக்கம்தான். கனவில் பன்றி வந்தால் அதிர்ஷ்டம் என்று, பரீட்சை எழுதப் போகிற பிள்ளையின் வீட்டார் வந்து விலை பேசுவார்கள். கெட்ட கனவை யாராவது விலைக்குக் கேட்டு யோன்சிம் பார்த்ததில்லை.

"கெட்டத யாராச்சும் வாங்குவாங்களா அண்ணி?"

"நான் தலைவி. எனக்கு எல்லாமே வரணும். ரெண்டு பொட்டலம் நெத்திலி தரேன், குடு."

"எடுத்துக்குங்க."

"முழுசா குடு. பாதிய வச்சுக்கிட்டு விக்கிறது வியாபாரமில்ல, களவு."

வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று யோன்சிம்மின் வாய்வரை வந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் மூன்று வயது இடைவெளி. அப்பா இல்லாமல், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன் அவன். இன்றைக்கு மொட்டை போட்டுக்கொள்ளப் போகிறவளிடம், 'உங்கள் தம்பிதான் அந்தக் குழாயை ஒட்டுகிறான்' என்று எப்படிச் சொல்வது? கூட்டம் முடியட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்று தள்ளிப்போட்டது எதுதான் நாளைக்கு நடந்திருக்கிறது.

"அவ்ளோதான் அண்ணி," என்று மறுபடியும் சொல்லி, துண்டை எடுத்து அவள் தலையைச் சுற்றினாள்.

*

இரண்டு மணிக்கு வட்டாரக் கூடத்து வாசலில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். பனி விலகவில்லை. எல்லோர் நெற்றியிலும் சிவப்புப் பட்டை. 504ஆம் வீட்டு அம்மா பெரிய முரசைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். குழுவில் அவள் குரல்தான் பெரியது. முரசு அடித்தால் அதுகூட அவள் குரலுக்குக் கொஞ்சம் அடங்கித்தான் கேட்கும்.

வாசலுக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மால்சூன் தன் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியை யோன்சிம் கட்டினாள். கடையில் தினமும் செய்கிற அதே முடிச்சு. இன்று அதை இரண்டு தடவை கட்ட வேண்டியிருந்தது.

"நீ அழுதா கோணல் மாணலா வரும்," என்றாள் மால்சூன் உதடு அசையாமல். "அப்புறம் பத்திரிகைல என் தலைய விட்டுட்டு உன் வேலையப் பத்தி எழுதுவான்."

மெஷின் முனகியது. முதல் கோடு நெற்றி நடுவிலிருந்து உச்சிவரை போனது. கறுப்பாகச் சாயமிட்ட முடி, அடியில் வெள்ளை வெள்ளையாக, பிரிந்து, வழுக்கி, மடியில் விழுந்தது. சத்தமே இல்லை. முரசு நின்றுவிட்டது. பெண்கள் அழத் தொடங்கினார்கள், அதுவும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல்தான் யோன்சிம்முக்குக் கேட்டது. அவள் வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டே போனாள். காதுக்குப் பின்னால் ஒரு சின்னத் தழும்பு வெளிப்பட்டது. இத்தனை வருஷம் முடி வெட்டியும் அதை அவள் பார்த்ததில்லை. அந்தத் தழும்புக்கு மேல் மெஷினை ரொம்ப மெதுவாக ஓட்டினாள்.

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. எல்லோர் கண்ணும் அந்தத் தலைமேல்தான் இருந்தது. கேமராக்காரர்களும் அதைத்தான் பார்த்தார்கள். கூடத்துக்குள் யாரும் போகவில்லை. போகத் தோன்றவும் இல்லை.

கடைசி முடி விழுந்தபோது கூடத்துக் கதவு திறந்தது. வட்டார அலுவலக அதிகாரி ஒரு தாளோடு வெளியே வந்தார். பின்னால் நிறுவனத்து மேலாளர், புன்னகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பவர்போல.

"விளக்கக் கூட்டம் முடிஞ்சுதுங்க," என்றார் அதிகாரி. அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எப்ப?" என்றாள் 504 அம்மா.

"இப்பதான். ரெண்டு மணிக்குத் தொடங்கி, பதினஞ்சு நிமிஷம். பத்துப் பேர் கையெழுத்து இருக்கு."

வண்டி நிறுத்தும் பக்கம் ஒரு கதவு உண்டு. அதன் வழியாக, முதியோர் மன்றத்துக் கிழவர்கள் கையில் நிறுவனம் கொடுத்த ஆளுக்கொரு துண்டும் கடற்பாசிப் பொட்டலமுமாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். பனியில் அவர்கள் உள்ளே போனது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எல்லோரும் வாசலில் நின்று ஒரு தலைக்காக அழுதுகொண்டிருந்தபோது, காலியான கூடத்தில் கூட்டம் தொடங்கி முடிந்துவிட்டது.

உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவன் சொன்னது யோன்சிம்முக்கு அப்போதுதான் புரிந்தது. நூற்றிருபது பேரும் உள்ளே நின்று கத்தியிருந்தால் எந்த விளக்கமும் நடந்திருக்காது. அவன் வேலையைப் பணயம் வைத்துச் சொல்ல முடிந்த அளவுக்குச் சொல்லிவிட்டுப் போனான். அவள்தான் அதை மானப் பிரச்சினை என்று மடக்கிப்போட்டாள்.

504 அம்மா அதிகாரியின் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். எங்கள் குடியிருப்பில் பெயர் சொல்லி யாரும் யாரையும் அறிவதில்லை, கட்டடமும் வீட்டு எண்ணும்தான் ஆள்.

"நூத்தி ஒண்ணுல 202. சரி, காது கேக்காத தாத்தா. நூத்தி ஒண்ணுல 610. நூத்தி ரெண்டுல 301, ஒரு துண்டுக்கு வித்துட்டார் மனுஷன்." ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்பதாவது முடிந்தது. பத்தாவதில் நின்றாள். "நூத்தி மூணுல... 704."

எல்லோரும் யோன்சிம்மைப் பார்த்தார்கள்.

கூடத்து வாசற்படியில் ஹோசிக் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் மடித்த நாற்காலிகள். மேல்சட்டை மேல் ஒரு மழைக் கோட்டு போட்டிருந்தான், கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தான். ஒன்பது பேர்தான் கிடைத்திருப்பார்கள். பத்தாவதுக்கு மேலாளர் சுற்றிமுற்றிப் பார்த்திருப்பார்.

"அவருமா துண்டு வாங்கப் போனாரு?" என்றாள் 504 அம்மா. குரலில் பாதி கேலி, பாதி வருத்தம். "விடு, ஆம்பளைங்க அப்படித்தான்."

அவ்வளவுதான் என்று விட்டுவிட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் ஒரு துண்டுக்கு ஆசைப்பட்ட புருஷன் என்று ஒரு வாரம் சிரிப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். அவன் வேலை இருக்கும். மாலையில் சூப்பு வைத்தால் சாப்பிட வருவான். கை மேசை விளிம்பில் கோடு இழுக்காது. தெருவுக்கு அடியில் குழாய் வரும்.

வாயைத் திறந்தால் அந்தப் பத்து, ஒன்பதாகிவிடும்.

யோன்சிம் மெஷினை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் குரலைத் தானே தூரத்திலிருந்து கேட்டாள்.

"அந்தப் பத்தாவது செல்லாது."

மேலாளர் முன்னால் வந்தார். "ஏம்மா? அவர் இங்க குடியிருக்கறவர்தானே?"

"குடியிருக்கார். ஆனா உங்க சம்பளம் வாங்கறார். உங்க குழாய்க்கு வெல்டிங் அடிக்கறார். கோட்டக் கழட்டச் சொல்லுங்க, உள்ள உங்க பேரு இருக்கும். இன்னிக்குக் காலைல நான்தான் மடிச்சு வச்சேன்."

அதிகாரி ஹோசிக்கைப் பார்த்தார். "நிஜங்களா?"

ஹோசிக் அவரைப் பார்க்கவில்லை. அக்காவின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலிகளைக் கீழே வைத்தான், ஒன்றின்மேல் ஒன்றாக, சத்தம் வராமல்.

"நிஜம்தான்," என்றான். "நான் அவங்க ஆளு."

அதிகாரி பேனாவை எடுத்துப் பத்தாவது வரியை அடித்தார். மேலாளர் ஹோசிக்கிடம் மேல்சட்டையைத் திருப்பிக் கேட்டுக் கையை மட்டும் நீட்டினார்.

கைதட்டியிருக்க வேண்டும். முரசு முழங்கியிருக்க வேண்டும். ஒருத்தரும் அசையவில்லை. நூற்றிருபது பேரும் மனதுக்குள் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை 504 அம்மா வாய்விட்டுக் கேட்டாள்.

"அப்போ மூணு மாசமா நாம பேசினதெல்லாம் எங்க போய்ச் சேந்துச்சு? உன் கடையிலதானே உக்காந்து பேசினோம்?"

"எனக்கே நேத்துதான் தெரியும்."

"நேத்து தெரிஞ்சத இன்னிக்கு காலைல ஏன் சொல்லல?"

யோன்சிம்முக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒரு அடி தள்ளிப்போனார்கள். யாரும் தள்ளச் சொல்லவில்லை. அந்த ஒரு அடியில் அவள் கடை, அவள் தெரு, இருபது வருஷம் எல்லாமே போய்விட்டதுபோல் இருந்தது.

"அவள ஏன் கேக்கற?"

மால்சூன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மடியிலிருந்த முடி மொத்தமும் காலடியில் கொட்டியது. முடி இல்லாமல் அவள் உயரமாகத் தெரிந்தாள்.

"என் தம்பிய அந்த வேலைக்கு அனுப்பினது நான்," என்றாள். "ரெண்டு வருஷம் சும்மா உக்காந்திருந்தான், கண் கொண்டு பாக்க முடியல. போடான்னு சொன்னேன். பொண்டாட்டிகிட்ட சொல்லாதன்னும் நான்தான் சொன்னேன். கேக்கறதுன்னா என்னைக் கேளு."

"தலைவியே அனுப்பினீங்களா?" என்றாள் 504 அம்மா. குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

"ஆமா."

யோன்சிம் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நேருக்கு நேர் பார்த்தால் எதையும் மறைக்கத் தெரியாத முகம் அவனுக்கு. அக்காவைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றான். அந்தச் செய்தியை அவனே இப்போதுதான் கேட்கிறான் என்பது, அவனோடு முப்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

504 அம்மா நெற்றியிலிருந்த சிவப்புப் பட்டையை அவிழ்த்து, காலியான நாற்காலியின் மேல் போட்டாள். இன்னொருத்தி அவிழ்த்தாள். அப்புறம் இன்னொருத்தி. பட்டைகள் நாற்காலியில் குவிந்தன, பெண்கள் இரண்டு மூன்று பேராகப் பனிக்குள் போய் மறைந்தார்கள்.

மால்சூன் தன் பட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தாள். வெறும் தலையில் அது நிற்காமல் வழுக்கி இறங்கியது. மறுபடியும் மேலே ஏற்றி, பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.